ஐந்நூறு மில்லிமீட்டரும் மலைக்காற்றும்

பெரிய ஃபிலிம் கேமராவின் பின்னால் காட்சி விழும் தேய்த்த கண்ணாடியில், அதாவது கிரவுண்ட் கிளாஸில், திருவண்ணாமலை ராஜகோபுரம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். நிலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. "அண்ணே, ஷார்ப்பா இருக்கு" என்றேன். ஷீட்டுக்கு ஒரு படமாக ஆறு ஷீட் ஃபிலிம் எடுத்தோம். சென்னைக்கு வந்து கழுவிப் பார்த்தால் ஆறிலும் கோபுரம் மேலும் கீழுமாக இரட்டித்திருந்தது.

1990களின் நடுப்பகுதி அது. விளம்பரப் படங்கள் எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளராக இருந்தேன். அண்ணன்தான் அங்கே படம் எடுப்பவர். காலண்டர் ஒன்றுக்காகத் திருவண்ணாமலைக் கோயிலை மலையிலிருந்து எடுக்கும் வேலை வந்தது. ரமணர் 1916 முதல் 1922 வரை வாழ்ந்த ஸ்கந்தாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை உண்டு. அங்கே நின்றால் கோபுரங்களும் பிராகாரங்களும் மொத்தமாகக் காலடியில் விரிந்து கிடக்கும். ஆனால் அந்தக் காட்சி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் படத்தில் வராது. கோபுரம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 66 மீட்டர் உயரமுள்ள அது 4x5 அங்குல ஃபிலிமில் வழக்கமான 150 மி.மீ. லென்ஸ் வழியாக வெறும் 10 மி.மீ. உயரம்தான் விழும். 500 மி.மீ. லென்ஸில் 33 மி.மீ. வரும். படத்தைப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். நிற்கும் இடம் ஒன்றேயானதால் காட்சியின் அமைப்பு மாறாது, உண்மை. ஆனால் கோபுரத்துக்கென்று கிடைக்கும் ஃபிலிம் பரப்பு பத்து மடங்குக்கு மேல் வித்தியாசப்படும். பெரிய ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு மலையேறுவதே அந்தப் பரப்புக்காகத்தான்.

எங்களிடம் இருந்தது சைனார் கேமராவும் நிக்கோர் டி 360 லென்ஸும். அந்த லென்ஸின் பின்பகுதியைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் 500 ஆகிவிடும், இன்னொன்றை மாட்டினால் 720. இன்றைக்கும் எனக்கு அது அழகான யோசனையாகத்தான் படுகிறது. சாதாரண அமைப்பில் செய்த 500 மி.மீ. லென்ஸ் என்றால், தூரத்துக் காட்சியைக் கூர்மையாக்கவே லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவிலுள்ள மடிப்புத் துருத்தியை, அதாவது பெல்லோஸை, அரை மீட்டர் இழுக்க வேண்டும். எங்களுடையது போன்ற டெலிஃபோட்டோ அமைப்புக்கு 35 செ.மீ. போதும். கேமரா நிற்கும் 30 செ.மீ. ரெயிலோடு 15 செ.மீ. துண்டு ஒன்றைச் சேர்த்துத் திருகினோம், வேலை முடிந்தது.

இந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலை உண்டு. அதை மலைக்குப் போவதற்கு முன்பே ஸ்டுடியோவில் கொடுத்திருந்தேன். ஒரு நகைப் படத்துக்கு அதே லென்ஸை 360 ஆக வைத்து வேலை செய்தோம். கிட்டத்தில் எடுக்கும்போது பெல்லோஸ் நீள நீள ஃபிலிமுக்கு வரும் வெளிச்சம் குறையும். அதனால் லென்ஸ் மாட்டிய பலகையான லென்ஸ் போர்டிலிருந்து ஃபிலிம்வரை அளந்து, எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கணக்குப் போடுவது என் வேலை. டேப் 36 செ.மீ. காட்டியது. லென்ஸும் 360 தானே, கூட்ட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன். சோதனைக்கு எடுத்த உடனடிப் படமான போலராய்டு இருண்டு வந்தது. அந்த லென்ஸ் தூரத்துக் காட்சிக்கே 26 செ.மீ.தான் கேட்கும். ஆக நான் 10 செ.மீ. கூடுதலாக இழுத்திருக்கிறேன். லென்ஸின் 36-ஓடு அந்த 10-ஐக் கூட்டினால் 46. அதை 36-ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கினால் 1.6 சொச்சம் வரும். குறைந்தது அவ்வளவு வெளிச்சம் கூட்டியிருக்க வேண்டும். டெலிஃபோட்டோவில் இதற்கும் மேலேயே கொஞ்சம் தேவைப்படும். அன்றிலிருந்து எந்த லென்ஸானாலும், தூரத்துக் காட்சிக்கு எங்கே நிற்கிறது என்று ரெயிலில் பென்சிலால் குறித்துவைத்து, அதற்கு மேல் இழுத்ததை மட்டுமே அளக்கிறேன்.

கூர்மை விழும் தளத்தை மாற்ற லென்ஸ் மாட்டிய முன் போர்டைச் சாய்ப்பதிலும் இதே கதைதான். டெலிஃபோட்டோவில், லென்ஸ் எங்கிருந்து வேலை செய்வதாகக் கணக்கிடுகிறோமோ அந்தப் புள்ளி லென்ஸுக்கு முன்னால், வெளியே எங்கோ இருக்கிறது. போர்டைக் கொஞ்சம் சாய்த்தாலும் காட்சி கண்ணாடியை விட்டே ஓடிவிடும். பின்பக்கத்தைச் சாய்ப்பதுதான் நல்லது.

சரி, இரட்டித்த கோபுரத்துக்கு வருகிறேன். அந்த ஆறு ஷீட்டையும் அண்ணன் லைட் பாக்ஸில் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "நீ பார்த்தப்போ ஷார்ப்பாத்தான் இருந்திருக்கும் தம்பி. அப்போ காத்து இல்ல" என்றார்.

முழுக்க இழுத்த பெல்லோஸ் காற்றுக்கு ஒரு பாய்மரம் போல. கேமரா ஒரு முடியளவு குனிந்தாலும் 500 மி.மீ. அதை 150-ஐவிட மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும். இதெல்லாம் போக, லென்ஸின் துளையை நாங்கள் எஃப் 32 என்ற மிகச் சிறிய அளவில் வைத்திருந்தோம். எக்டாக்ரோம் 64 ஃபிலிமில் நல்ல வெயிலுக்கே அது 1/15 நொடி ஆகிவிடுகிறது. எஃப் 32 ஸ்டுடியோப் பழக்கம். மேஜைமேல் இருக்கும் பொருளுக்கு முன்னும் பின்னும் கூர்மை வேண்டும் என்பதால் வந்தது. மலையிலிருந்து பார்க்கும்போது எல்லாமே தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு மூடத் தேவையே இல்லை.

இரண்டாவது தடவை மழை விட்ட மறுநாள் போனோம். ஈரமான கூரைகளிலிருந்து கானல் எழும்பாது, காற்றில் தூசியும் இருக்காது. காலையில் போனால் சூரியன் எதிரே நிற்கும். சாயங்காலம் தாமதித்தால், பொழுது சாய்வதற்கு வெகு முன்பே மலையின் நிழல் கோயில்மேல் இறங்கிவிடும். நடுவில் கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் வேலையை முடிக்க வேண்டும்.

ரெயிலின் முன்பக்கத்துக்கு இன்னொரு டிரைபாடை முட்டுக்கொடுத்தோம். நடுவில் ஒரு பையில் கற்களைப் போட்டுத் தொங்கவிட்டு, பை ஆடாமல் தரையைத் தொடும்படி கயிற்றை விட்டோம். காற்று வரும் பக்கம் நான் பெரிய குடையோடு குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். அண்ணன் துளையைப் பெரிதாக்கி எஃப் 16-இல் 1/60 நொடி வைத்தார். ஃபிலிமை மறைக்கும் டார்க் ஸ்லைடை உருவியதும் ஷட்டர் கேபிளை அழுத்தவில்லை. ஹோல்டருக்குள் ஃபிலிம் அசைந்து அடங்கட்டும் என்று காத்திருந்தார். அவர் கண் கோபுரத்தின்மேல் இல்லை, பாறை இடுக்கிலிருந்த புல்லின்மேல் இருந்தது. புல் நின்ற பிறகுதான் ஷட்டர் விழுந்தது. நான்கு ஷீட் எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி ஷீட்டின்போது நிழல் முதல் மதிலைத் தொட்டுவிட்டது.

கழுவி வந்த அன்று லூப்பை முதலில் என்னிடம்தான் கொடுத்தார். மூன்றாவது ஷீட்டில், வெளிப் பிராகாரத்தின் கல்தளத்தில் யாரோ ஒருவர் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தார். ஃபிலிமில் ஒரு மில்லிமீட்டர்கூட உயரமில்லை. அவருடைய நிழலும் பக்கத்தில் தெரிந்தது.