கண்ணுக்குள் போடும் ஊசி: நாலு மடங்கு டோஸ் ஏன் நாலு மடங்கு நாள் நிற்பதில்லை

வெட் ஏ.எம்.டி.யிலும் (முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகும் நோயின் கசியும் வகை) நீரிழிவால் வரும் மேக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) வீக்கத்திலும் ரத்தநாளங்களைக் கசியவும், முளைக்கக் கூடாத இடத்தில் முளைக்கவும் தூண்டுவது வி.இ.ஜி.எஃப். என்ற புரதம். அதைப் பிடித்து முடக்கும் மருந்தை கண்ணின் உட்புறத்தை நிரப்பும் விட்ரியஸ் ஜெல்லுக்குள் ஊசியால் செலுத்துகிறோம். மாதாமாதம் கண்ணில் ஊசி என்றால் யாருக்கும் சலிப்புத்தான். "அளவைக் கூட்டிப் போட்டுவிடலாமே?" என்ற கேள்வி உடனே வரும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மருந்தின் அரை ஆயுள், அதாவது கண்ணில் உள்ள அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், 9 நாள் என்று வையுங்கள். டோஸை இரட்டித்தால் கூடுதலாகக் கிடைப்பது ஓர் அரை ஆயுள், அதாவது 9 நாள். நாலு மடங்காக்கினால் 18 நாள், எட்டு மடங்காக்கினால் 27 நாள். அரை ஆயுளையே இரட்டித்தாலோ மொத்த இடைவெளியும் இரட்டிக்கும். அஃப்லிபெர்செப்ட் என்ற வி.இ.ஜி.எஃப். தடுப்பு மருந்தை 2 மி.கி.யிலிருந்து 8 மி.கி.க்கு ஏற்றியபோது இடைவெளி 8 வாரத்திலிருந்து 12, 16 வாரமானது. இந்தக் கணக்குக்கு அது அதிகம். பழைய 8 வார அட்டவணையிலேயே பலருக்கு நாள் மிச்சமிருந்ததுதான் காரணம் என்பேன்.

டோஸை ஏற்றுவதும் எளிதல்ல. விட்ரியஸ் சுமார் 4 மி.லி. வழக்கமான ஊசி 50 மைக்ரோலிட்டர். அஃப்லிபெர்செப்ட் 8 மி.கி. 70 மைக்ரோலிட்டர். அதற்கு மேல் போகப்போகக் கண் அழுத்தம் எகிறும். ஆக, கரைசலின் அடர்த்தியைத்தான் கூட்ட வேண்டும். புரதம் 100 மி.கி./மி.லி.யைத் தாண்டியதும் பாகுநிலை (கரைசலின் கெட்டித்தன்மை) ஒரே சீராக ஏறாது, திடீரென்று செங்குத்தாக ஏறும். 30 கேஜ் ஊசியின் உள்விட்டம் சுமார் 0.16 மி.மீ., நீளம் அரை அங்குலம். அதன் வழியே 50 மைக்ரோலிட்டரை 5 விநாடியில் தள்ள, 10 சென்டிபாய்ஸ் (பாகுநிலையின் அலகு) கரைசலுக்கு ஏறத்தாழ 1.4 நியூட்டன் போதும். 50 சென்டிபாய்ஸ் என்றால் 7 நியூட்டன். சிரிஞ்சின் ரப்பர் அடைப்பான் உராய்வு இதற்கு மேல் தனி. கட்டைவிரல் அழுத்தம் கூடினால் ஊசிமுனை நடுங்கும். ஊசியை இன்னும் மெலிதாக்கலாமே என்றால், ஆரம் பாதியானால் அழுத்தம் 16 மடங்கு. அந்த வழி அடைபட்டதுதான்.

சிரிஞ்சில் பூசிய சிலிக்கோன் எண்ணெயும் துளித்துளியாகக் கண்ணுக்குள் போகும். நோயாளிக்கு அது மிதக்கும் கரும்புள்ளியாகத் தெரியும். காற்றுக்குமிழியை வெளியேற்றச் சிரிஞ்சைச் சுண்டித் தட்டுவது துளிகளைப் பெருக்கும். கண் கரைசல்களில் 10 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துகள் மி.லி.க்கு 50ஐத் தாண்டக்கூடாது, 25 மைக்ரோமீட்டர் என்றால் 5, 50 மைக்ரோமீட்டர் என்றால் 2. அடர்ந்த புரதக் கரைசலை இந்த வரம்புக்குள் இரண்டு வருடம் வைத்திருப்பதே பெரும் பாடு.

இன்னொரு வழி, மூலக்கூறைச் சிறிதாக்குவது. புரோலுசிசுமாப் என்ற மருந்தின் மூலக்கூறு எடை 26 கிலோடால்டன்தான்; 6 மி.கி. போட்டால், அதே வகையின் பழைய மருந்தான ரானிபிசுமாபின் 0.5 மி.கி.யை விட மூலக்கூறு எண்ணிக்கை சுமார் 22 மடங்கு. அதாவது நாலரை அரை ஆயுள் லாபம். ஆனால் சிறிய மூலக்கூறு வேகமாக வெளியேறுவதால் லாபத்தில் ஒரு பகுதி கரையும். 2019இல் அங்கீகாரம் கிடைத்த மருந்துக்கு 2020இல் விழித்திரை ரத்தநாள அழற்சி பற்றிய புகார்கள் வந்தன.

பெரிதாக்கினால்? கண்ணிலிருந்து வெளியேறும் வேகம் மூலக்கூறின் ஆரத்தைப் பொறுத்தது, எடையை அல்ல. முயல் கண்ணில் ரானிபிசுமாப் (48 கிலோடால்டன்) அரை ஆயுள் 2.88 நாள், அதே வகை மருந்தான பெவாசிசுமாப் (149 கிலோடால்டன்) 4.32 நாள். எடை மூன்று மடங்கு, ஆயுள் ஒன்றரை மடங்கு: உருண்டையின் ஆரம் எடையின் கனமூலத்தோடு ஏறும் என்ற கணக்கு அப்படியே பொருந்துகிறது. உருண்டைப் புரதத்தில் ஆயுளை இரட்டிக்க எடை எட்டு மடங்காக வேண்டும். அதனால்தான் நீரில் உப்பி நிற்கும் பாலிமரை ஒட்டுகிறார்கள். எடைக்கு மீறிய ஆரம் கிடைக்கும், கூடவே பாகுநிலையும் வரும். பாலிமர் இணைத்த, சுமார் 950 கிலோடால்டன் டார்கோசிமாபின் முதல் வெட் ஏ.எம்.டி. சோதனை 2022இல் தோற்றது. தொடக்க ஊசிகளுக்குப் பிறகு 12 வாரத்துக்கு முன்னால் ஊசி போட அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. அடிக்கடி ஊசி தேவைப்படுவோரை அந்த அட்டவணை கைவிட்டுவிட்டது என்பதே என் வாசிப்பு.

மெதுவாகக் கசியும் சேமிப்பு வைப்பது அடுத்த உத்தி. பி.எல்.ஜி.ஏ. (உடலில் மெல்லக் கரையும் பாலிமர்) உருண்டைகள் புரதத்துக்கு ஒத்துவராது: கரையும்போது உள்ளே அமிலம் சேர்ந்து புரதம் திரளும், முதல் நாளே பெரும்பங்கு வெளியே கொட்டும். ஆக்ஸிடினிப் போன்ற சிறு கைனேஸ் தடுப்பான்கள் (வி.இ.ஜி.எஃப். செல்லுக்குள் தரும் சைகையைத் தடுக்கும், புரதமல்லாத மருந்துகள்) நீரில் கரையாப் படிகமாக ஹைட்ரோஜெல்லுக்குள் (நீரேந்திய ஜெல்) கிடக்கும். படிகம் கரையும் வேகமே வெளியீட்டு வேகம். புரதத்துக்கு, கண்ணில் பொருத்திவிட்டு அவ்வப்போது மருந்தை நிரப்பும் மறுநிரப்பு உள்வைப்பு உண்டு: 20 மைக்ரோலிட்டர் கொள்ளளவு, 100 மி.கி./மி.லி. ரானிபிசுமாப், 24 வாரத்துக்கு ஒருமுறை நிரப்புதல். 37 டிகிரியில் அரையாண்டு கிடக்கும் புரதம் அமினோ அமிலம் மாறிப் பிணைப்புத்திறனை இழக்கக்கூடும் என்பதால் நிலைத்தன்மைச் சோதனையை அந்த வெப்பத்திலேயே நடத்த வேண்டும், குளிர்பெட்டித் தரவு உதவாது. 2022இல் அடைப்புச் சவ்வு இடம்பெயர்ந்த குறையால் அது திரும்பப் பெறப்பட்டது; 2024இல் மீண்டும் வந்தது. உட்கண் தொற்று ஆபத்து, மாத ஊசியை விட மூன்று மடங்கு என்ற எச்சரிக்கை அதன் லேபிளிலேயே உண்டு.

கடைசியாக முயல் தரவு. அதன் விட்ரியஸ் சுமார் 1.5 மி.லி.தான், ஆயுளும் மனிதனை விடக் குறைவு. மனிதப் புரதத்துக்கு எதிராக இரண்டாவது வாரத்திலேயே முயல் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) உண்டாக்கும். மருந்தளவின் வளைகோடு அதன்பின் செங்குத்தாக விழும். மருந்து வெளியேறிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். 10ஆம் நாளுக்கு மேற்பட்ட புள்ளிகளை எதிர்ப்புரத அளவோடு சேர்த்துப் பார்க்காமல் அரை ஆயுள் கணக்கிடாதீர்கள்.