17சி படிவத்தின் மூன்றாவது வரி

வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் ஆக, அதாவது நம் வழக்கில் பி.ஓ. ஆக, என்ன தகுதி வேண்டும்? சம்பளப் பட்டியலில் கொஞ்சம் மேலே இருந்தால் போதும் என்பேன். முந்தைய தேர்தல்களில் பி1, பி2 என்று, அதாவது பி.ஓ.வுக்குக் கீழே முதலாம், இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலராகப் போய்வந்துகொண்டிருந்த எனக்குப் பதவி உயர்வு வந்த கையோடு, 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பி.ஓ. ஆர்டரும் வந்துவிட்டது. சட்டத்தில் கண்டிப்பான தடை ஒன்று உண்டு: வேட்பாளரிடம் வேலையில் இருப்பவரோ, அவருக்காகத் தேர்தல் வேலை பார்த்தவரோ இதில் இருக்கக் கூடாது. மற்றபடி மாவட்டத் தேர்தல் அலுவலர் ஆர்டர் போட்டுவிட்டால், முடிவு அறிவிக்கும்வரை நாம் தேர்தல் ஆணையத்தின் ஆள்.

பயிற்சி வகுப்பெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே கொடுக்கும் 12, 12ஏ படிவங்களை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். டியூட்டி சொந்த நாடாளுமன்றத் தொகுதிக்குள் என்றால் 12ஏ கொடுத்து இ.டி.சி. என்கிற தேர்தல் பணிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, வேலை பார்க்கிற பூத்திலேயே ஓட்டுப் போடலாம். வெளியே என்றால் 12, தபால் ஓட்டு. என் முன்னால் நின்ற ஆசிரியையிடம் கவுன்ட்டரில் இருந்தவர், "பாகம் எண் எழுதாம வாங்க முடியாது" என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினார். "எங்க பார்க்கறது சார்?" "அது எனக்கு எப்படித் தெரியும்?" அப்போது வோட்டர் ஹெல்ப்லைன் ஆப்பில் வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டாலே, வாக்காளர் பட்டியலில் நம் பாகம் எண், வரிசை எண் இரண்டும் வந்திருக்கும். இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

தபால் ஓட்டை முன்பு போல வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது, தேர்தல் ஊழியர்கள் ஓட்டுப் போடுவதற்கென்று வைக்கும் வசதி மையத்திலேயே போட்டாக வேண்டும். அந்த நாளை விட்டால் விட்டதுதான். எங்கள் டீம் பி3-க்கு அதுதான் நடந்தது. நாள் முழுக்க ஊரே ஓட்டுப் போட பேலட் பட்டனை அமுக்கி இயந்திரத்தைத் திறந்துவிட்ட மனுஷனுக்குச் சொந்த ஓட்டு இல்லை.

எந்த பூத் என்பதே முதல் நாள்தான் தெரிந்தது. ஒரு பள்ளிக்கூடம், மின்விசிறி ஓடியது, தண்ணீர் இருந்தது, பிழைத்தோம். காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபேட்டுக்கு நேர் மேலே பல்ப் எரியக் கூடாது, ஜன்னல் வெயிலும் படக் கூடாது. மேசையை ராத்திரியே இடம் மாற்றிப் போட்டுவிடுங்கள். பின்பக்கக் குமிழ் நிமிர்ந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். குறைந்தது ஐம்பது ஓட்டு போட்டு முடித்ததும் க்ளோஸ், ரிசல்ட், க்ளியர், இந்த வரிசையில் அழுத்தி, டோட்டல் பூஜ்யம் என்று ஏஜென்ட்டுகளுக்குக் காட்டிவிட வேண்டும். விவிபேட் சீட்டுகளை எடுத்து, பின்னால் முத்திரை குத்தி, கறுப்புக் கவரில் போட்டு சீல் வைக்காமல் ஏழு மணி வாக்குப்பதிவைத் தொடங்காதீர்கள். வெளியே வரிசையில் நிற்பவர்கள் கத்தினால் கத்தட்டும்.

மதியம் ஒரு பெரியவர் வந்தார். பி1 பெயரைப் படித்தார், பி2 மை வைத்து 17ஏ பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கியாயிற்று. பி3-இடம் போகும் முன் நின்றுவிட்டார். "யாருக்கும் போட இஷ்டமில்லை." ஐயா, நோட்டா இருக்கிறது என்றேன். "அதுவும் வேண்டாம்." கட்டாயப்படுத்த நமக்கு அதிகாரம் கிடையாது. 49ஓ விதி இதற்காகவே இருக்கிறது. 17ஏ-யில் அவர் பெயருக்கு நேரே வாக்களிக்க மறுத்தார் என்று எழுதி, பக்கத்தில் அவர் கையெழுத்தையும் வாங்கினேன். இந்த இரண்டாவது கையெழுத்தை வாங்காமல் அவரை வாசல் தாண்ட விடாதீர்கள்.

ஆறு மணிக்கு முடித்து, கவர் ஒட்டி, வண்டி வந்து, பெட்டிகளை ஒப்படைக்கும் வரவேற்பு மையத்துக்குப் போய்ச் சேரும்போது நல்ல ராத்திரி. கவுன்ட்டரில் இருந்தவர், பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கை எழுதும் 17சி-யைப் பார்த்தார். "பதிவேட்டுல ஒண்ணு கூட இருக்கு, மெஷின்ல ஒண்ணு கம்மி. டேலி ஆகலை. ஓரமா நில்லுங்க."

வாக்களிக்க மறுத்தவர்களின் எண்ணிக்கை இருக்கும் மூன்றாவது வரியைப் பாருங்கள் என்றேன். பார்க்கவில்லை. எங்கள் பகுதி பூத்துகளைக் கவனிக்கும் சோனல் ஆபீசரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார். சோனலோ இன்னொரு பூத் பெட்டியோடு எங்கோ வழியில், போன் எடுக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த டீம்கள் ஒவ்வொன்றாக ஒப்படைத்துவிட்டுக் கிளம்பின. பி2 பையைத் தலைக்கு வைத்துத் தரையிலேயே படுத்துவிட்டார். அதிகாரம் அதிகாரம் என்று வகுப்பில் எவ்வளவு சொன்னார்கள்! பகலில் பூத்தில் ஒழுங்கு மீறுகிறவரை வெளியேற்றச் சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. ராத்திரி ஒரு நாற்காலிகூட இல்லை.

கடைசியில் போனில் வைத்திருந்த பி.ஓ. கையேட்டைத் திறந்துகொண்டு, அங்கே சுற்றிக்கொண்டிருந்த மேலதிகாரி ஒருவரைப் பிடித்தேன். 17சி-யின் ஏழாவது வரியிலேயே கணக்கு இருக்கிறதே சார், இரண்டாவது வரியின் பதிவேட்டு எண்ணிக்கையில், மூன்றாவதில் உள்ள மறுத்தவர்களையும் நான்காவதில் உள்ள அனுமதிக்கப்படாதவர்களையும் கழித்தால் ஆறாவது வரியின் மெஷின் எண்ணிக்கை வர வேண்டும், வருகிறது, என்றேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரியாத்தானே இருக்கு, வாங்குங்க" என்றார். கவுன்ட்டர்காரர் என் முகத்தைப் பார்க்காமலே அடுத்த டீமைக் கூப்பிட்டார். பரவாயில்லை, பெட்டி உள்ளே போய்விட்டது.

17சி-யையும் பி.ஓ. எழுதும் டயரியையும் வேறு எந்தக் கவருக்குள்ளும் போட்டு ஒட்டிவிடாதீர்கள், தனியாகக் கேட்பார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற டீம் அரக்கு சீலை உடைத்துத் தேடிக்கொண்டிருந்தது. ஏஜென்ட்டுகளுக்கு 17சி நகல் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள், உங்களுக்கும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்த ரசீதை வாங்காமல் வண்டி ஏறாதீர்கள். நான் ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை முடியும்வரை இரண்டையும் பீரோவில் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.