அப்பாவின் தூக்குவாளியும் மேல்வீட்டு முயல் ரொட்டியும்

2015 அக்டோபரில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்துக்குக் குடிவந்தோம். வாடகை வீட்டுக் கதவைத் திறந்ததும் நான் முதலில் போய்ப் பார்த்தது அடுப்படியை. அறை இருந்தது. அடுப்பு இல்லை, அலமாரி இல்லை, பாத்திரம் கழுவும் தொட்டிகூட இல்லை. சுவரிலிருந்து இரண்டு குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. மேலே பல்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வயர். இங்கே பல வீடுகளை இப்படித்தான் வாடகைக்கு விடுகிறார்கள். காலி செய்து போகிறவர்கள் சமையலறையையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். முன்பே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் நாலு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அறையில் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெட்டியைத் திறந்து அப்பாவின் தூக்குவாளியை எடுத்துத் தரையில் வைத்தேன். அந்த அடுப்படிக்கு வந்த முதல் பாத்திரம் அதுதான்.

ஊரில் பெட்டி கட்டும்போது, "இதை எதுக்குடி சுமக்குற, அங்க இல்லாத பாத்திரமா?" என்று அம்மா கேட்டாள். ஆளுக்கு 23 கிலோதானே அனுமதி. நான் பிடிவாதமாக இருந்ததைப் பார்த்து, அதற்குள்ளேயே இட்லிப் பொடியையும் சுண்டவற்றலையும் பொட்டலம் கட்டித் திணித்துக் கொடுத்தாள். இடம் வீணாகக் கூடாது அவளுக்கு.

ஒரு படி பிடிக்கிற எவர்சில்வர் வாளி அது. கைப்பிடி லேசாக ஆடும், நடந்தால் டக்டக்கென்று சத்தம் வரும். வயிற்றுப் பக்கத்தில் புள்ளிப் புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும்: சீ.மு. 9-6-1983. அம்மா அப்பா கல்யாணத் தேதி. மதுரை வெண்கலக்கடைத் தெருவில் சீர் பாத்திரங்களோடு வாங்கியது. முப்பது வருஷம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் அந்த எட்டு பாதி அழிந்துவிட்டது. விரலால் தடவினால்தான் எட்டு என்று தெரியும். அப்பா ஹார்வி மில்லில் வேலை பார்த்தார். காலைச் சங்குக்கு முன்னால் அந்த வாளியை சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் சைக்கிள் சத்தம் கேட்டதும் நான் வாசலுக்கு ஓடுவேன். வாளி அடியில் இரண்டு வாய் தயிர்சாதமும் கடித்த நார்த்தங்காய்த் துண்டும் இருக்கும். மதிய வெயிலில் லேசாகப் புளித்த அந்தச் சாதம் அவ்வளவு ருசியாக இருக்கும். வீட்டுப் பானையிலிருந்து போட்ட தயிர்சாதத்தில் அந்த ருசி வந்ததே இல்லை.

சரி, எஸ்ஸனுக்கு வருவோம். ஒற்றை மின் அடுப்பு ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கினோம். நடைபாதை ஓரங்களில் சிலர் வேண்டாத சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டு, "இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி வைத்திருப்பார்கள். கோப்பை, புத்தகம், மேஜை விளக்கு எல்லாம் இருக்கும். தெருவில் கிடப்பதை எடுப்பதா என்று முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு ஒரு மழை நாளில், நனையாமல் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி வைத்திருந்த பெட்டி ஒன்றைப் பார்த்தேன். இன்னொருவர் கைக்கு நல்லபடியாகப் போக வேண்டும் என்று நினைத்து யாரோ மூடியிருக்கிறார்கள். அன்று அதிலிருந்து ஒரு மரக்கரண்டி எடுத்து வந்தேன். இன்றும் அதில்தான் உப்புமா கிண்டுகிறேன்.

மேல்வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். மகள் அவரை 'ஓமா' என்று கூப்பிடுவாள், இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் அவரும் படிக்கட்டில் வணக்கம் சொல்லிக்கொள்வதோடு சரி. ஜனவரியில் உறைபனியில் வழுக்கி விழுந்து அவர் வலது கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கையால் என்ன சமைப்பார் என்று நினைத்து, மிளகைக் குறைத்து வெண்பொங்கல் செய்து, தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்தார். "ஹெங்கல்மன்!" என்றார்.

எனக்கு அப்போது ஜெர்மன் அரைகுறை. என்னை உட்காரவைத்து, இடது கையால் சைகை செய்து செய்து சொன்னார். 'ஹெங்கல்' என்றால் கைப்பிடி, 'மன்' என்றால் ஆள். கைப்பிடிக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். மூடியும் தூக்கும் கைப்பிடியும் உள்ள சோற்று வாளி. இந்த ரூர் வட்டாரம் முழுக்க நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு உருக்காலையுமாக இருந்த ஊர்கள். ஆலைத் தொழிலாளிகள் வீட்டிலிருந்து ஹெங்கல்மனில் சூப்போ உருளைக்கிழங்குக் குழம்போ கொண்டுபோவார்கள். ஆலையில் சுடுதண்ணீர்த் தொட்டியில் எல்லா வாளிகளையும் வரிசையாக இறக்கிச் சூடாக்குவார்கள். அவருடைய அப்பா உருக்காலையில் இருந்தவர். சின்ன வயதில் சில நாள் இவர்தான் மதியச் சாப்பாட்டை ஆலை வாசலுக்குக் கொண்டுபோவாராம். "ஓடாதே, சிந்திவிடும்" என்று அவர் அம்மா பின்னாலிருந்து கத்துவாராம். "ஆட்டாம கொண்டு போடி" என்று என் அம்மா சொன்னதும் இதையேதான். அதை ஜெர்மனில் சொல்ல எனக்கு அன்று வார்த்தை இல்லை. கையை ஆட்டிக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது.

அப்புறம் கொலோன் போகும்போது ரயிலிலிருந்து ஒரு பெரிய அரங்கைப் பார்த்திருக்கிறேன். 1998இல் திறந்தது. கூரைக்கு மேலே வானவில் மாதிரி ஒரு இரும்பு வளைவு. கைப்பிடி போலவே இருப்பதால் அந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப் பேரும் 'ஹெங்கல்மன்'தான், செல்லமாகச் சின்னது என்று சேர்த்துச் சொல்வார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் சைக்கிள் ஞாபகம் வரும்.

இரண்டு நாள் கழித்து வாளி என் வீட்டு வாசலில் இருந்தது. கழுவித் துடைத்து, பளபளவென்று, காலியாக. நம் பக்கத்தில் வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தர மாட்டோம். ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். அவருக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை என்று அறிவுக்குத் தெரிந்தும், மனசுக்கு என்னவோ போலிருந்தது. பல மாதம் கழித்து, பேச்சு கொஞ்சம் வந்தபிறகு, இந்த வழக்கத்தை அவரிடம் சொன்னேன். கண்ணைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டார். அடுத்த தடவை வாளிக்குள் உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட ரொட்டி நாலும், தொட்டுக்கொள்ள ஆப்பிள் மசியலும் வந்தன. அன்றிலிருந்து எங்கள் வாளி காலியாக மாடிப்படி ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை. ஹம் நகரத்தில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயிலுக்குத் தேர் பார்க்கப் போனால், அங்கிருந்து பிரசாதமும் அதில்தான் மேல்வீட்டுக்குப் போகும்.

இரண்டாம் வருஷம் அவர், "இனிமேல் என்னை நீ என்றே சொல்" என்றார். ஜெர்மனில் நீ, நீங்கள் இரண்டும் உண்டு. வயதில் பெரியவர்தான் 'நீ'க்கு அனுமதி தர வேண்டும். தருவது பெரிய மரியாதை. எனக்குப் புரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் எண்பது வயதுக்காரரை நீ என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு மாதம் நீயும் இல்லாமல் நீங்களும் இல்லாமல் சுற்றி வளைத்தே பேசினேன். கடைசியில் 'ஓமா, நீ' என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். அப்பத்தாவை நாங்கள் அப்படித்தானே கூப்பிடுவோம். அதன்பிறகு தடையில்லை.

2018 டிசம்பர் 21 அன்று பொட்ராப்பில் இருந்த புரோஸ்பர்-ஹானியல் சுரங்கத்தை மூடினார்கள். ஜெர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம். ஓமா என்னைக் கூப்பிட்டு டிவி முன்னால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கடைசியாக வெட்டிய கரித்துண்டை ஜனாதிபதி ஸ்டைன்மையரிடம் சுரங்கத் தொழிலாளர்கள் கொடுத்தார்கள். ஓமாவின் கணவர் எங்கள் ஊர் ஸோல்ஃபரைன் சுரங்கத்தில், அதை மூடிய 1986 வரைக்கும் வேலை பார்த்தவர். அவர் நிலத்தடிக்கு ரொட்டிதான் எடுத்துப்போவார். சாயங்காலம் தகர டப்பாவில் அரைத்துண்டு மிச்சம் வரும், காய்ந்து, கரி வாசத்தோடு. பிள்ளைகளிடம், "வழியில் ஒரு முயல் கொடுத்தது" என்று சொல்லித் தருவார். முயல் ரொட்டி என்றே அதற்குப் பெயர். புது ரொட்டி மேஜையில் இருக்கும்போது அந்தக் காய்ந்த துண்டுக்குப் பிள்ளைகள் சண்டை போடுவார்களாம்.

சொல்லிவிட்டு எழுந்துபோய் அந்த டப்பாவை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். மூடியில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள். கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். அழிந்துபோன எட்டைத் தடவுகிற மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். ஊரில் அப்போது விடியற்காலை, அவள் எழுந்து கோலம் போட்டு முடித்திருந்தாள். "அப்பா எனக்காகத்தான் சாப்பிடாமல் மிச்சம் வைத்தாராம்மா?" என்று கேட்டேன்.

"அவரு எங்க மிச்சம் வைக்கப் போறாரு, அந்த வேலைக்கு அகோரப் பசி பசிக்கும். நீ ஓடி வருவன்னு நான்தான் தெனம் ரெண்டு கை கூடப் போட்டு அனுப்புவேன். அது உனக்குன்னு அவருக்கும் தெரியும்."

அப்பா போய் ஆறு வருஷம் கழித்து எனக்கு இது தெரிய வந்தது. போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே விளக்கு இருந்தது. அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் இருந்தன. மரக்கரண்டி அதன் ஆணியில் தொங்கியது.

அந்தத் தகர டப்பாவில் இப்போது மோர்மிளகாய் வைத்திருக்கிறேன். மகள் என்னைவிட உயரமாகிவிட்டாள். போன சனிக்கிழமை புளியோதரை செய்து வாளியில் போட்டு மூடப் போனேன். மேலே கொண்டுபோகக் காத்திருந்தவள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னும் ரெண்டு கை போடும்மா. நானும் ஓமாகூடவே சாப்பிட்டுட்டு வர்றேன்."