குழாயும் மானியமும்

2022 ஏப்ரல் வெள்ளத்தில் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்திலுள்ள டொங்காட் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்த பிறகு, அங்கே பல குடும்பங்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரியை நம்பியே வாழ்ந்தன. என் பெரியம்மா வீட்டுப் பூசையறையில் விளக்கருகே வைக்கும் செம்பில்கூட லாரித் தண்ணீர்தான் இருந்தது. அதை நிரப்பும்போது ஒரு சொட்டும் சிந்தாமலிருக்க அவர் இடக்கையால் வாளியின் விளிம்பை இறுகப் பற்றிக்கொள்வது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

தண்ணீரை ஒரு துறையாகவும் பொதுப் பாதுகாப்பை வேறொரு துறையாகவும் பிரித்து வைத்து நகராட்சி மன்றங்கள் முடிவெடுப்பது தவறு என்றே நான் கருதுகிறேன். குழாயில் அழுத்தம் இல்லாவிட்டால், தெருமுனையிலுள்ள தீயணைப்புக் குழாயும் வறண்டுதான் கிடக்கும்.

பணமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. தேசிய அரசு நிபந்தனையோடு அளிக்கும் உட்கட்டமைப்பு மானியம், ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான நகராட்சி நிதியாண்டுக்குள் செலவாகாமல் நின்றுபோய், அதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல ஒப்புதலும் கிடைக்காவிட்டால், தேசிய வருவாய் நிதியத்துக்கே திரும்பிவிடும். மண்ணுக்கடியில் ஒழுகும் பழைய குழாய்க்கு வந்திருக்க வேண்டிய பணம் அப்படித் திரும்புவதைப் பொறுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை.

வரவுசெலவுத் திட்ட வரைவை நிதியாண்டு தொடங்குவதற்குக் குறைந்தது 90 நாள்களுக்கு முன் மன்றத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம். அதன்மேல் எழுத்தில் கருத்துக் கூற நமக்கு உரிமை உண்டு. இம்முறை குழாய்ப் பராமரிப்பைப் பற்றிப் பெரியம்மாவும் நானும் சேர்ந்து எழுதப்போகிறோம்.