அக்டோபர் என்று சொன்னது யார்?

"இந்த வரைபடத்தை அக்டோபரில் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாததல்ல.

அந்த முதிய லேத் தொழிலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாளில் வரைந்திருந்தது, பல்சக்கரத்தில் விழும் நாக்கு, அதைப் பின்னுக்கு இழுக்கும் சுருள்வில். "அக்டோபராகத்தான் இருக்க வேண்டும்" என்றார்.

அது ஒரு காப்புரிமை வழக்கு. அந்த யோசனை தங்களுக்கு வந்ததாக எதிர்த்தரப்பு காட்டிய தேதி நவம்பர். அமெரிக்காவில் அப்போது காப்புரிமை முதலில் விண்ணப்பித்தவருக்கல்ல, முதலில் கண்டுபிடித்தவருக்கு. 2013 மார்ச் 16 முதல் தாக்கலான விண்ணப்பங்களுக்குத்தான் அது மாறியது. யோசனை முந்தியது என்று கண்டுபிடித்தவரே சொன்னால் செல்லாது; வேறு சான்று துணைக்கு வர வேண்டும். எதிராளிக்கு யோசனை வருவதற்குச் சற்று முன்பிருந்து, பொருளைச் செய்து முடிக்கும்வரை இடைவிடாமல் உழைத்ததையும் காட்ட வேண்டும். உழைப்புக்கு எங்களிடம் ரசீதுகள் இருந்தன. யோசனைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும். படம் இருந்தது, தேதி இருந்தது, சாட்சி கையெழுத்திட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"அவரை இப்போது கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன?" என்று கட்சிக்காரர் கேட்டார். "போடலாம், இன்றைய தேதியோடு" என்றேன். அந்தப் பதிலில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. மறுநாள்தான் தொழிலாளியிடம் அக்டோபர் என்று நானே சொல்லிக் கேட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முள்கம்பி வேலி வழக்கைப் படிக்கச் சொன்னார்கள். கிளிடன் என்ற அமெரிக்கர் முள்கம்பிக்கு 1874-இல் பெற்ற காப்புரிமை. அதற்கு வெகுகாலம் முன்பே அயோவாவில் ஒரு கண்காட்சியில் அத்தகைய வேலியைப் பார்த்ததாகப் பலர் சாட்சி சொன்னார்கள். 1892-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அழைத்தவர் விரும்புகிறபடியே நினைவுகூர்வது சாட்சிகளின் இயல்பு என்றார்கள் நீதிபதிகள். கிராமத்து மனிதர்களின் பலவீனம் என்று நினைத்துப் படித்தேன். அழைத்தவனைப் பற்றி யோசிக்கவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. முதல் நாக்கு மென்மையான எஃகில் செய்ததால் முனை மழுங்கியது, மறுபடி கடைந்தது எல்லாவற்றையும் நான் கேட்காமலேயே சொன்னார். கையால் செய்தவனுக்குத்தான் அது தெரியும். மாதம் மட்டும்தான் என்னுடையது. ஆனால் வழக்கே அந்த மாதம்தான்.

இன்னொன்றும் உண்டு. அவர் சொன்னது "இருக்க வேண்டும்". வாக்குமூலத்தில் நான் தட்டச்சு செய்தது "அக்டோபரில் பார்த்தேன்". சுருக்கமாக எழுதுவது எங்கள் வழக்கம் என்று அன்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

குறுக்கு விசாரணைக்கு முன்பே இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. அந்தத் தாளை யாரும் சோதிக்கவில்லை.

கையெழுத்திடும்போது அவர் பேனாவை நிறுத்தினார். "படத்தை வரைந்தவர் அதைக் காட்டியபோது நான் கனத்த கோட்டு போட்டிருந்தேன். அக்டோபரில் அவ்வளவு குளிரா?"

"சில வருடங்களில் இருக்கும்" என்றேன்.

அந்த வருடத்து வானிலைக் குறிப்பைத் தேடிப் பார்க்க அரை மணி நேரம் ஆகியிருக்காது. இன்றுவரை பார்க்கவில்லை.