சைடு தையல் கொஞ்சம் முன்னால் ஏறட்டும்

பகலில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பிரின்ட் டிசைன் போடுகிறேன். ராத்திரியில் உடம்பே இல்லாதவர்களுக்கு டீ-ஷர்ட் போட்டுவிடுகிறேன். இடம், செகண்ட் லைஃப். சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் லிண்டன் லேப் 2003-ல் திறந்துவிட்ட மெய்நிகர் உலகம், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. விளையாட்டு என்று சொன்னால் அங்கே புழங்குகிறவர்களுக்குக் கோபம் வரும். ஜெயிப்பது, தோற்பது எதுவும் கிடையாது. வீடு கட்டலாம், ஆடலாம், கடை போடலாம். கண்ணில் படுகிற சாமான் பெரும்பாலும் அங்கே இருப்பவர்களே செய்து விற்பதுதான். துணியும் அப்படித்தான்.

எங்கள் கட்டிங் மாஸ்டரிடம் ஒருநாள் இந்த வேலையின் டெம்ப்ளேட்டைக் காட்டினேன். அவதாரின், அதாவது அந்த உலகத்தில் நமக்காக நடமாடும் உருவத்தின், உடம்பை உரித்து விரித்துப் போட்ட படம் அது. யூவி மேப் என்பார்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏந்தம்பி, கை ஒண்ணுதான் இருக்குது? இன்னொண்ணு எங்க?"

"ரெண்டு கைக்கும் அது ஒண்ணே போதுங்ண்ணா."

"அப்பத் துணி மிச்சம்னு சொல்லு."

உண்மை அதுதான். பழைய அவதாரில் இரண்டு கைக்கும் ஒரே படத்தைத்தான் கண்ணாடி மாதிரி திருப்பி ஒட்டும். இடது தோளில் மட்டும் ஒரு பேட்ஜ் வைக்க வேண்டும் என்றால் நடக்காது, வலது தோளிலும் வந்து நிற்கும். 2019-ல் பேக்ஸ் ஆன் மெஷ் என்ற வசதி வந்தபோதுதான் இடது கைக்குத் தனி இடம் கிடைத்தது.

ஆரம்பகாலத்தில் அங்கே துணி என்பதே தோல்மேல் ஒட்டிய படம்தான். சட்டை, ஜாக்கெட், பேன்ட், சாக்ஸ் என்று அடுக்கு அடுக்காக இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக்கி 512-க்கு 512 பிக்சல் படமாக உடம்பில் பூசிவிடும். உடம்போடு ஒட்டியே இருப்பதால் என்ன டிசைன் போட்டாலும் பெயின்ட் அடித்த மாதிரி தெரியும். அதைத் துணியாக்குவது கலரோ பிரின்டோ இல்லை. ஓரங்கள்தான். கீழ் மடிப்புக்கு அடியில் மூன்று நாலு பிக்சல் அகலத்துக்கு மெல்லிய நிழல், மடிப்புக்கு மேலே பிளாட்லாக் தையலின் இரட்டைக் கோடு, கழுத்தில் ரிப், அதாவது கோடு கோடாக இழுபடும் பட்டி. இந்த மூன்றையும் போட்ட உடனே சட்டைக்கு ஒரு கனம் வந்துவிடும்.

கழுத்து ரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வரையும் 1024 பிக்சல் படத்தில் மார்பின் அகலத்துக்கு ஏறக்குறைய 400 பிக்சல் கிடைக்கும் என்று வையுங்கள். நிஜத்தில் அது அரை மீட்டர். அப்படியென்றால் சென்டிமீட்டருக்கு 8 பிக்சல். சாதாரண சிங்கிள் ஜெர்சியில், அதாவது டீ-ஷர்ட்டுக்குப் போடும் பின்னல் துணியில், ஒரு சென்டிமீட்டருக்குள் பன்னிரண்டு, பதினான்கு கண்ணி வரிசை இருக்கும். 8 பிக்சலுக்குள் அத்தனை வரிசையைக் காட்ட வழியே இல்லை. போட்டோ எடுத்து ஒட்டினால் நாலடி தள்ளி நின்று பார்க்கும்போது துணி முழுக்க அலை அலையாக மினுங்கும். அதனால் உடம்புப் பகுதியில் நான் பின்னலே காட்டுவதில்லை. லேசான புள்ளி இரைச்சலோடு விட்டுவிடுவேன். கழுத்தில் மட்டும் பொய் சொல்வேன்: இரண்டு பிக்சல் வெளிச்சம், இரண்டு பிக்சல் இருட்டு என்று நிற்கும் கோடுகள். நிஜ ரிப்பைவிடப் பல மடங்கு தடிமன். ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. கோடுகள் கழுத்து வளைவோடு விசிறி மாதிரி திரும்ப வேண்டும், அவ்வளவுதான். நேராக விட்டால் உடனே போலி என்று தெரிந்துவிடும்.

அப்புறம், தலைப்பில் சொன்ன விஷயம்.

வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஓட்டிய சிங்கிள் ஜெர்சிக்கு ஒரு குணம் உண்டு. நூலில் இருக்கும் முறுக்கு, கண்ணிகளை ஒரு பக்கமாகச் சாய்க்கும். தைத்தபோது நேராக இருந்த சைடு தையல், துவைத்த பிறகு திரும்பி வயிற்றுப் பக்கம் ஏறும். ஸ்பைராலிட்டி என்று ரிப்போர்ட்டில் எழுதுவோம். பொதுவாக 5 சதவீதத்துக்கு மேல் போனால் சரக்கு வாங்கும் பையர் முகம் மாறும். அதைக் குறைக்கத்தான் துணி பின்னும் நிட்டிங்கிலிருந்து துணியை அழுத்திச் சுருக்கும் காம்பேக்டிங் வரை அத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள்.

செகண்ட் லைஃபில் நான் அதை வேண்டுமென்றே வரைகிறேன். அக்குளில் சரியான இடத்தில் ஆரம்பித்து, கீழ் மடிப்புக்கு வரும்போது பத்துப் பிக்சல் முன்னால். ஒரு பக்கம் முன்னால் வந்தால் மறுபக்கம் பின்னால் போக வேண்டும், இரண்டையும் முன்னால் இழுத்தால் தப்பு. இதைச் செய்துவிட்டு அவதாரை நடக்கவிட்டுப் பாருங்கள். பலமுறை துவைத்துப் போட்ட சட்டை அது. கம்பெனியில் ரிஜெக்ட் ஆகிறது எதுவோ அதையெல்லாம் ஒரு பட்டியலாகவே மனதில் வைத்திருக்கிறேன்: தோளில் சுருக்கம், கழுத்து அலை, துவைப்பில் வெளுத்த தையல் மேடு. இங்கே எல்லாமே சரக்கு.

2011-ல் மெஷ், அதாவது வெளியே செய்து ஏற்றும் முப்பரிமாண வடிவம், வந்த பிறகு உடைக்கு நிஜமாகவே வடிவம் கிடைத்தது. இப்போது பலர் செய்வது, மாற்றவும் திரும்ப விற்கவும் முழு உரிமையோடு விற்கும் மெஷ் சட்டையை வாங்கி அதற்கு டெக்ஸ்ச்சர், அதாவது மேலே ஒட்டும் படம், மட்டும் போட்டு விற்பது. கூடவே ஒரு நிழல் படமும் கொடுப்பார்கள். அதை, கீழே இருக்கும் நிறத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை முறையில் மேலே போட்டு, கீழே ஒரு கலரை ஊற்றிக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதனால்தான் ஐம்பது கடையில் ஒரே சட்டை தொங்குகிறது. நிழல் படம் கெடுதல் இல்லை, ஆனால் அது சாம்பல் நிழல். சிவப்புத் துணியின் மடிப்புக்குள் இருட்டு சாம்பலாக இருக்காது, அடர்ந்த மெரூனாக இருக்கும். நிழலுக்குத் துணியின் சாயத்தைக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. கறுப்புச் சட்டைக்கு முழுக் கறுப்பு வைக்காதீர்கள், மடிப்பெல்லாம் முங்கிப்போகும். பூஜ்யம் முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற கணக்கில் நான் 30, 35-க்குக் கீழே போவதில்லை.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் கேட்பது கையோரத்தில் தெரியும் வெள்ளைக் கோட்டைப் பற்றி. ஊடுருவித் தெரியும் பிக்சலுக்கும் ஒரு நிறம் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அது வெள்ளையாக இருந்தால், தூரத்தில் படம் சிறிதாகும்போது பக்கத்துப் பிக்சலோடு கலந்து கோடாக வெளியே வரும். துணியின் நிறத்தையே எல்லையைத் தாண்டி வெளியே பரப்பிவிட்டு, எது தெரிய வேண்டும் என்பதை ஊடுருவலைக் குறிக்கும் ஆல்ஃபாவில் மட்டும் வெட்டுங்கள். கோடு போய்விடும்.

படம் ஏற்றக் கட்டணம் உண்டு. நெடுங்காலமாக ஒரு படத்துக்கு 10 லிண்டன் டாலர், நம் காசில் சில ரூபாய்தான். ஆனாலும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கொடுக்கத் தேவையில்லை. லோக்கல் டெக்ஸ்ச்சர் வசதியில் கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பை நேராகப் போட்டுப் பார்க்கலாம். கிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளில் சேவ் செய்தால் சட்டையும் மாறும். இல்லாவிட்டால் சோதனைக்கென்றே இருக்கும் அதிதி கிரிட்டுக்குப் போகலாம், கிரிட் என்றால் அந்த உலகம் ஓடும் சர்வர் தொகுப்பு. ஆமாம், நம் புராணத்து அதிதியேதான். எல்லோரும் புழங்கும் முதன்மை கிரிட்டின் பெயர் அக்னி. கலிஃபோர்னியாக்காரர்கள் வைத்த பெயர்தான்.

போன மாதம் ஒருவர் மெசேஜ் அனுப்பியிருந்தார்: சட்டை அருமை, ஆனால் சைடு தையல் கோணலாக இருக்கிறது, சரிசெய்து தர முடியுமா? நிஜத்தில் ஏதாவது பையிங் ஆபீசில் வேலை பார்ப்பவராக இருக்கும். நேர்த்தையல் போட்டு ஒன்று அனுப்பிவைத்தேன். கடையில் கோணல்தான் இருக்கிறது.