கொடுத்து வைத்த நகை

உரிமையியல் வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் நான் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. நகையை மைத்துனியிடமோ மாமியாரிடமோ பத்தரிடமோ கொடுத்துவிட்டுத் திரும்பக் கிடைக்காமல் தவிப்பவர்கள், "எழுத்து ஒன்றும் வாங்கவில்லை, நம்பித்தான் கொடுத்தோம்" என்று சொல்லும்போதே பாதி தோற்றுப்போனவர்களாகப் பேசுகிறார்கள். சட்டம் அவர்களை அப்படிக் கைவிடவில்லை என்பதை விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 148ஆம் பிரிவு தொடங்கி இந்த உறவைப் பற்றிப் பேசுகிறது. ஒரு காரியத்துக்காகப் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைத்து, காரியம் முடிந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டும் அல்லது கொடுத்தவர் சொல்கிறபடி செய்ய வேண்டும் என்ற உடன்பாடு இருந்தால் போதும். அந்த உடன்பாடு வாய்மொழியாகவும் இருக்கலாம். பொருள் கைமாறுகிறதே தவிர, உரிமை கைமாறுவதில்லை. வாங்கி வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே அளவும் தரமும் மதிப்பும் உள்ள தம் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. கூலி வாங்கிக்கொண்டு காத்தாலும் சும்மா காத்தாலும் அளவுகோல் ஒன்றுதான். பொருள் தொலைந்துவிட்டால், தாம் அவ்வளவு கவனத்தோடு இருந்ததை வைத்திருந்தவர்தான் நிரூபிக்க வேண்டும். அவர் எங்கே தவறினார் என்று கொடுத்தவர் துப்புத் துலக்க வேண்டியதில்லை. குறித்த காலத்தில் தம் தவறால் திருப்பித் தராமல் வைத்திருந்தால், அதன் பிறகு நேரும் இழப்பு முழுவதும் அவர் தலையில்தான் என்று 161ஆம் பிரிவு இன்னும் கடுமையாகச் சொல்கிறது. காவலில் விட்ட பசு கன்று ஈன்றால் கன்றையும் சேர்த்துத் தர வேண்டும் என்று சட்டமே ஓர் உதாரணம் தருவது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஆனால் "ஒப்படைத்தல்" உண்மையில் நடந்திருக்க வேண்டும். இதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு பழைய தீர்ப்பைத்தான் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். 1938ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் அது இருக்கிறது. ஒரு பெண் தம் பழைய நகைகளை உருக்கிப் புதிதாகச் செய்யப் பத்தரிடம் கொடுத்தார். மாலையில் அன்றைய வேலை முடிந்ததும், அரைகுறையாக நிற்கும் நகைகளை வாங்கி, பத்தர் வீட்டு அறையிலேயே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாமே எடுத்துக்கொண்டு போவார். ஓர் இரவு நகைகள் களவு போயின. பத்தர் மீது போட்ட வழக்கு நிற்கவில்லை. பெட்டி இருந்தது பத்தர் வீடாக இருந்தாலும், ஒவ்வொரு மாலையும் நகை அந்தப் பெண்ணின் கைக்கே திரும்பிவிட்டது. ஆகவே இரவில் அதற்குப் பத்தர் பொறுப்பாளி அல்ல என்றது நீதிமன்றம். முன்னெச்சரிக்கையாக எடுத்துச் சென்ற சாவியே அவருக்கு எதிரான சாட்சியானது. தீர்ப்பு சட்டப்படி சரியென்றே கருதுகிறேன். ஆயினும் அந்தப் பெண்ணை நினைத்தால் மனம் கனக்கிறது.

"தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையும் ரசீதின் பின்புறப் பொடியெழுத்தும் பலரை மிரட்டிவிடுகின்றன. டெல்லி தாஜ்மஹால் விடுதிக்கு 1998இல் வந்த ஒரு விருந்தினர் காரையும் சாவியையும் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது காரை வேறு யாரோ ஓட்டிச் சென்றிருந்தார்கள். வாகனம் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது என்று சீட்டில் அச்சிட்டிருந்ததை விடுதி எடுத்துக்காட்டியது. தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை அப்படி ஒரு வாசகத்தால் தட்டிக்கழிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வங்கிப் பெட்டகத்தின் நிலை சற்று வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது. ஆனாலும் வங்கிக்குத் தனியாக ஒரு கவனக் கடமை உண்டு என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையடுத்து ரிசர்வ் வங்கி, திருட்டு, தீ, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்று விதித்தது. தலைமுறை நகைக்கு அது ஈடாகாது என்பதே என் கருத்து.

என்னை அதிகம் வருத்துவது கல்யாண வீட்டில் நடக்கும் ஒப்படைப்பு. "பத்திரமாக இருக்கட்டும், கொடும்மா" என்று புகுந்த வீட்டில் கேட்டதும் புதுப்பெண் கழற்றிக் கொடுத்துவிடுகிறாள். கேரளத்திலிருந்து வந்து 2024 ஏப்ரலில் முடிந்த ஒரு வழக்கில், 2003இல் மணமான பெண்ணின் 89 பவுனை முதலிரவிலேயே கணவர் வாங்கித் தம் தாயிடம் வைத்தார் என்றும், பின்னர் அது அவர்களுடைய பழைய கடன்களுக்குப் போனது என்றும் மனைவி சொன்னார். குடும்ப நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லை என்றது. உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. சீதனம் கணவன் மனைவியின் கூட்டுச் சொத்தல்ல, மனைவிக்கே உரியது என்பது 1985 முதல் நிலைபெற்ற சட்டம். அதைத் தர மறுத்துக் கையாடினால் நம்பிக்கை மோசடிக் குற்றமும் ஆகும். இன்று அது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு.

காலக்கெடு பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. ஒப்படைத்த பொருளைத் திரும்பப் பெற மூன்று ஆண்டுகள் என்று காலவரையறைச் சட்டத்தின் 70ஆம் உறுப்பு சொல்வது உண்மை. ஆனால் அது எண்ணத் தொடங்குவது கொடுத்த நாளிலிருந்து அல்ல. நீங்கள் கேட்டு, அவர் மறுத்த நாளிலிருந்து. பத்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்ததாயிற்றே என்று தயங்குகிறவர்கள், கல்யாணப் புகைப்படங்களையும் நகைக்கடை ரசீதுகளையும் தேடி எடுத்து, எதை, எப்போது, யார் முன்னிலையில் கொடுத்தோம் என்று எழுதிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பலாம்.